பெயர் எழுதாத கேப்சூல்: வீட்டில் காளான் பேச்சு வந்தால் என்ன செய்வது

கார்த்திகை மழையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம் என் அண்ணன் மகன் கடைக்கு வந்தான். கண்ணாடிப் பெட்டி மேல் ஒரு சின்ன டப்பாவை வைத்து, "அத்தை, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு கேப்சூல் இருக்கும். வெள்ளைத் தோல், உள்ளே கருவாட்டுத் தூள் நிறத்தில் பழுப்புப் பொடி. டப்பாவில் பெயர் இல்லை, அளவு இல்லை. மூடியில் ஒரு நட்சத்திரம் மட்டும் பேனாவால் போட்டிருந்தது.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் 24 வருஷமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். பெயர் எழுதாத மருந்தை யார் கொண்டுவந்து காட்டினாலும் என் கை முதலில் குப்பைக் கூடையைத்தான் தேடும்.

"மைக்ரோடோஸ், அத்தை. போதைக் காளான், துளி அளவுல. பெங்களூருல என் டீம்ல பாதிப் பேரு எடுக்குறாய்ங்க. போதையெல்லாம் ஏறாது, மூளை தெளிவா இருக்கும்."

நான் அன்று செய்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. வாசலில் இரண்டு பேர் இருமல் மருந்துக்கு நிற்கிறார்கள் என்பதையும் மறந்து கத்தினேன். படிச்ச புத்தி எங்கே போச்சு, உங்க அப்பனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் என்று ஆரம்பித்து முழுதாய் முடித்தேன். அவன் டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையிலேயே போய்விட்டான். அவன் சொல்ல வந்த முக்கியமான விஷயம் எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. மன அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த எஸ்சிடலோபிராம் மாத்திரையை, இந்தக் கேப்சூல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பத்து நாள் முன்னால் தானாகவே நிறுத்தியிருக்கிறான். தலைக்குள் சுரீர் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது, நடந்தால் வள்ளத்தில் நிற்கிற மாதிரி ஆடுகிறது. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான்.

ஆகவே முதல் வேலை நாக்கைக் கடித்துக்கொள்வது. அப்புறம் கேள்வி.

எதைக் கேட்பது

எங்கே வாங்கினாய், எத்தனை தடவை எடுத்தாய், கூட வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்பதையெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது "எதுக்காக?" என்பது. என்னிடம் காளான் பேச்சு எடுத்த பையன்களில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். கொடைக்கானல் டூர் போய் வேடிக்கைக்காகச் சாப்பிட்டவன் ஒருவன். வேலையில் சுறுசுறுப்பு வேண்டும் என்று துளித்துளியாக எடுப்பவன் இன்னொருவன். மூன்றாமவன் உள்ளுக்குள் நொந்துபோய், டாக்டரிடம் போக வெட்கப்பட்டு, போனில் பார்த்ததை நம்பி எடுப்பவன். மூன்று பேருக்கும் ஒரே புத்திமதி சொன்னால் ஒருவன் காதிலும் ஏறாது. மூன்றாமவனை விட்டுவிட்டால் அப்புறம் வருத்தப்படுவோம்.

அண்ணன் மகன் இரண்டாமவன் மாதிரி பேசினான், மூன்றாமவனாக இருந்தான்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிப்பது போல

மூன்றாம் நாள் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு ஒரு பாராசிட்டமால் அட்டையைக் கையில் கொடுத்தேன். "திருப்பிப் படிடா" என்றேன். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், பேட்ச் நம்பர், எந்த மாசம் செய்தது, எந்த மாசம் காலாவதி, யார் செய்தது, லைசென்ஸ் நம்பர் என்ன. இரண்டு ரூபாய் மாத்திரைக்கு இத்தனை. "இப்ப உன் டப்பாவைப் படி."

காளானைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் இந்த முறையிலேயே சோதித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இது போதும், பெரிய படிப்பு வேண்டாம்.

என்ன மருந்து? மேஜிக் மஷ்ரூம் என்று பையன்கள் சொல்லும் காளான்களில் இருப்பது சைலோசைபின். உள்ளே போனதும் உடம்பு அதைச் சைலோசினாக மாற்றுகிறது. மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மூளையில் போய் உட்காரும் இடங்கள் உண்டு, அவற்றில் சிலவற்றில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் சுவர் மூச்சுவிடுவது போலவும், நேரம் நின்றுவிட்டது போலவும், தான் என்பதே கரைந்துவிட்டது போலவும் தோன்றுகிறது. முழு அளவில் சாப்பிட்டால் அரை மணி, முக்கால் மணியில் ஏறி நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹோஃப்மன், 1958இல். எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதற்கு வெகுகாலம் முன்பே மெக்சிகோவின் ஒஹாகா மலையில் மசாடெக் மக்கள் நோய் தீர்க்கும் இராச்சடங்கில் இந்தக் காளானை வைத்திருந்தார்கள். மரியா சபீனா என்ற வைத்தியப் பெண்மணி ஒரு வெளியூர்க்காரரை நம்பி 1955இல் சடங்கில் உட்காரவைத்தார். 1957இல் அது அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. அப்புறம் ஊருக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள். நோயாளியே இல்லாதவர்கள். அந்த அம்மா கடைசிவரை அதற்காக வருந்தினார் என்று படித்திருக்கிறேன். சாமி காரியத்தை டூரிஸ்ட் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எத்தனை மில்லிகிராம்? கேப்சூல் கதை இங்கே சாய்கிறது. ஆஸ்பத்திரி ஆய்வுகளில் கொடுப்பது காளானே அல்ல, லேபில் செய்து எடை போட்ட தூய சைலோசைபின். காளானில் சத்து ஒன்றுக்கொன்று மாறும். ஒரே இடத்தில் ஒரே நாள் பறித்த இரண்டு காளானிலும் மாறும். ஒரே தோப்பில் அடுத்தடுத்த பனையில் இறக்கும் பதநீர் ஒரே ருசியாகவா இருக்கிறது? பொடி பண்ணிக் கேப்சூலில் அடைத்துவிட்டால் அளவு வந்துவிடுமா? தோல்தான் ஒரே அளவு.

யார் செய்தது? 2024இல் அமெரிக்காவில் மைக்ரோடோசிங் சாக்லேட், கம்மி மிட்டாய் என்று கடைகளில் வெளிப்படையாக விற்ற ஒரு சரக்கைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். வலிப்பு, நினைவு தப்புதல் என்று பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது அதில் உறைக்குப் பொருந்தாத பலவும் இருந்தன. நரம்பு வலிக்கு நாங்கள் சீட்டுப் பார்த்துக் கொடுக்கும் பிரிகாபலின் உட்பட. அங்கே உறை அச்சடித்து விற்றதற்கே இந்தக் கதி. நம் டப்பாவில் ஒரு நட்சத்திரம்.

துளித்துளியாக எடுப்பது பலன் தருமா

மைக்ரோடோசிங் என்றால் போதை ஏறும் அளவில் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ எடுத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று வாரக்கணக்கில் ஓட்டுவது. மனசு லேசாகிறது, வேலை ஓடுகிறது என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் கடையில் பீ காம்ப்ளக்ஸ் கொடுத்தனுப்பிய மறுநாளே "அக்கா, நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை" என்று வந்து நிற்பவர்களும் பொய் சொல்வதில்லை. சீக்கிரம் சரியாகிவிடும் என்று நம்பி விழுங்குவதற்கே ஒரு பலம் உண்டு. மருந்தா நம்பிக்கையா என்று பிரித்துப் பார்க்கத்தான் வெறும் கேப்சூல் வைத்துச் சோதிப்பது.

லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது, 2021இல் வெளியானது. வீட்டிலேயே மைக்ரோடோஸ் எடுக்கும் ஆட்களையே சேர்த்து, அவர்கள் கையாலேயே சில கேப்சூலில் சரக்கும் சிலவற்றில் ஒன்றுமில்லாமலும் அடைக்கச் சொன்னார்கள். உறைகளில் போட்டுக் குலுக்கி, கியூஆர் கோடு ஒட்டி, எந்த வாரம் எதை விழுங்குகிறோம் என்று அவர்களுக்கே தெரியாமல் பண்ணிவிட்டார்கள். கடைசிவரை முடித்தவர்கள் 191 பேர். நான்கு வாரத்தில் சரக்கு எடுத்தவர்களுக்கும் மனசு தேறியது, வெறும் கேப்சூல் எடுத்தவர்களுக்கும் தேறியது. இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தான் விழுங்கியது நிஜச் சரக்கு என்று யார் நினைத்துக்கொண்டார்களோ அவர்கள்தான் கூடுதலாகத் தேறினார்கள். அர்ஜென்டினாவில் 34 பேரை வைத்து 2022இல் வந்த ஆய்விலும், மைக்ரோடோஸ் எடுத்தால் மூளை கூர்மையாகும் என்பது தேறவில்லை.

இதைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கிப்போனது. "அப்ப எனக்கு நல்லா இருந்தது?" என்றான். நல்லா இருந்தது நிஜம்தான், ஆனால் அது டப்பாவிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை என்றேன்.

இன்னொன்று, பழைய மருந்துக்கடைக்காரர்களுக்கு மட்டும் ஞாபகம் வரும் விஷயம். உடம்பு மெலிய ஃபென்ஃபுளூரமின் என்று ஒரு மாத்திரை இருந்தது. இதய வால்வு தடித்துப்போகிறது என்று தெரிந்து 1997இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். வால்வில் செரட்டோனின் போய் உட்காரும் ஒருவகை இடத்தை, ஏற்பி என்பார்கள், அது ஓயாமல் தட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். சைலோசினும் அதே ஏற்பியில் போய் உட்காரக்கூடியது. ஒரு தடவை எடுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் துளித்துளியாக எடுப்பவர்களுக்கு வால்வு கெடும் என்று யாரும் காட்டிவிடவில்லை. கெடாது என்றும் காட்டவில்லை. சின்ன வயசில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வில் ஏற்கனவே கோளாறு உள்ளவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்கள் இந்தப் பேச்சுப் பக்கமே வரக்கூடாது.

முழு அளவு ஆய்வுகள்: நல்லதையும் சொல்ல வேண்டும்

எல்லாமே ஏமாற்று என்று சொல்லி முடித்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அது உண்மையில்லை. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகங்கள் புற்றுநோயாளிகளுக்கு ஒரே ஒரு முழு அளவு கொடுத்துப் பார்த்தன. சாவு பயமும் சோர்வும் பலருக்கு மாசக்கணக்கில் குறைந்தன. 2022இல் பத்து நாடுகளில் 233 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. மற்ற மாத்திரைகளுக்கு மசியாத மன அழுத்தக்காரர்கள் இவர்கள். 25 மில்லிகிராம் ஒரே தடவை வாங்கியவர்களில் மூன்று வாரத்தில் 37 சதவீதம் பேருக்கு நல்ல குணம். பெயருக்கு 1 மில்லிகிராம் வாங்கியவர்களில் 18 சதவீதம். 25 மில்லிகிராம் வாங்கியவர்களில் பன்னிரண்டு வாரம் வரை அந்தக் குணம் நிலைத்தது 20 சதவீதம் பேருக்கு. சாதாரண விஷயமில்லை, அற்புதமும் இல்லை. முக்கால்வாசிப் பேருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஏதாவது வந்தது. சிலருக்குச் சாகும் எண்ணமே வந்தது.

அதற்கு முந்தின வருஷம் வந்த ஆய்வுதான் எங்கள் வீட்டுக் கதைக்கு நேராக வந்து விழுகிறது. இம்பீரியல் கல்லூரி 59 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குச் சைலோசைபினும் மறு பக்கத்துக்கு எஸ்சிடலோபிராமும் கொடுத்தது. ஆறு வாரம் கழித்து முக்கிய அளவுகோலில் இரண்டுக்கும் நிச்சயமான வித்தியாசம் இல்லை. கூடவே பார்த்த மற்ற அளவுகள் சில சைலோசைபின் பக்கம் சாய்ந்தன, அதை வைத்துத்தான் இன்னும் வாதம் ஓடுகிறது. எங்கள் பையன் எதை நிறுத்திவிட்டு எதை நம்பினானோ, அதே இரண்டும் அங்கே நேருக்கு நேர் நின்றிருக்கின்றன.

வாதத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. சைலோசைபின் விழுங்கினோமா வெறும் மாத்திரையா என்பது ஆளுக்கு உடனே தெரிந்துவிடும். 2023இல் 104 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அதற்காக மறு பக்கத்துக்கு வெறும் மாத்திரைக்குப் பதில் நியாசின் என்ற வைட்டமினைக் கொடுத்தார்கள். நியாசின் சாப்பிட்டால் முகம் சிவந்து குப்பென்று சூடு ஏறும், ஏதோ நடக்கிறது என்று தோன்றும். ஆனால் முகம் சூடாவதும் வீட்டுக் கூரை உருகுவதும் ஒன்றா? ஆறு வாரம் வரை சைலோசைபின் பக்கமே நல்ல பலன். அதில் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்த ஆய்வுகளில் ஒன்றும் கடற்கரையில் நடக்கவில்லை. பல மணி நேரம் முன்கூட்டியே பேசிப் பழகி, அறையில் படுக்கவைத்து, கண்ணைக் கட்டி, காதில் பாட்டுப் போட்டு, ஆறேழு மணி நேரம் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுநாள் மறுபடி பேசி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் தனி மையங்கள் உண்டு. பலன் என்று படிப்பதெல்லாம் அந்த அறைக்குள் கிடைத்த பலன்.

யாருக்கு ஆகவே ஆகாது: ஏர்வாடிக் கேள்வி

எல்லா ஆய்விலும் வாசலிலேயே சிலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிஜம் எது பிரமை எது என்று பிரியாமல் போகும் மனப்பிளவு நோய், மனசு உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவக் கோளாறு உள்ளவர்கள், நெருங்கிய இரத்த உறவில் அது இருப்பவர்கள். இவர்களுக்குப் புத்தி பேதலிப்பு கிளம்பிவிடலாம், இறங்காமலும் போகலாம். அதனால் 'குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா?' என்று கேட்க வேண்டும் என்பார்கள்.

நம் பக்கம் அப்படிக் கேட்டால் ஒரு வீட்டிலும் ஆம் என்று பதில் வராது. மனம் பேதலித்தவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் ஏர்வாடி தர்காவை வைத்து நான் வேறு மாதிரி கேட்பேன்: "உங்க வீட்ல யாரும் ஏர்வாடில தங்கி இருந்தாகளா?" சட்டென்று வந்துவிடும். "எங்க சித்தப்பா இருந்தாக, நாப்பது நாளு. காத்துக்கருப்புன்னாக. அப்புறம் சரியாப் போச்சு." இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் கிடையாது, எல்லோரும் அந்தத் தர்காவுக்குப் போனவர்களே. போனதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சித்தப்பாதான் டாக்டர் கேட்கும் குடும்ப வரலாறு. எங்கள் அம்மாவழித் தாத்தாவின் தம்பி ஏர்வாடியில் இரண்டு வருஷம் இருந்தார் என்பது இந்தக் கேப்சூல் விவகாரத்தில்தான் அண்ணன் மகனுக்கே தெரிந்தது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். கட்டி வைப்பதைப் பற்றிக் கீழே ஒரு இடத்தில் சொல்வேன், அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளில் கவனிக்க வேண்டியவை: இருதுருவக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுபவருக்கு இந்தக் காளானும் சேர்ந்தால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு, கட்டாயம் கூடாது. டிரமடால் போன்ற வலி மாத்திரையுடன் சேர்ப்பதும் ஆபத்து. இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஏறும் என்பதால் இதய நோயாளிக்கு ஆகாது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் காளான் வேகத்தை மழுங்கடிக்கும் என்பது உண்மையே. அதற்காகத்தான் பையன்கள் மாத்திரையை வெட்டுகிறார்கள். திடீரென்று வெட்டினால் தலைக்குள் கரண்ட், கிறுகிறுப்பு, எரிச்சல், தூக்கமின்மை, பழைய சோர்வு இரட்டிப்பாக. நிறுத்துவதானால் எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைலோசைபினும் சைலோசினும் 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளான் இயற்கையாக முளைக்கும் பூஞ்சை, அதைப் போதைப்பொருள் கலந்த கலவையாக வைத்து மொத்த எடை போட முடியாது என்றது. அதை வைத்து 'காளான் லீகல்' என்று பையன்கள் சொல்லித் திரிகிறார்கள். ஜாமீன் கேட்டு நீதிமன்றத்தில் நின்றவனின் கதை அது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். கஞ்சாவுக்காகவும் கடல் அட்டைக்காகவும் ராத்திரி பகல் சோதனை நடக்கும் கரை இது. டப்பாவோடு பஸ்ஸில் வருவது புத்திசாலித்தனமில்லை.

மழைக்குப் பிறகு பறிக்கக் கிளம்புபவர்களுக்கு

ஐப்பசி இடிக்குப் பிறகு பனங்காட்டிலும் புற்று மேட்டிலும் காளான் முளைக்கும். எங்கள் அப்பத்தா புற்றுக்காளான் பறித்துவந்து மிளகு போட்டு வதக்கும். அது அறுபது வருஷம் ஒரே காட்டில் ஒரே காளானைப் பறித்த கை. இப்போது போனில் படம் பார்த்துவிட்டுச் சாணிமேட்டில் தேடுகிறான்கள். வலையில் விஷமுள்ள பேத்தை மீன் வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கையில் எடுக்காமலே கடலில் தள்ளுவார்கள். பரம்பரையாகக் கண்டு வைத்த அறிவு அது. காளானில் பேத்தை எது என்று நமக்குக் காட்டிக்கொடுத்த பரம்பரை இல்லை. 'நசுக்கினால் நீலமானால் சரி', 'ஆடு தின்றால் சரி', 'வெள்ளிக்காசு போட்டு வேகவைத்தால் தெரியும்' என்பவை எதையும் நம்பாதீர்கள். ஈரலை அழிக்கும் அமாடாக்சின் வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் சமைத்துச் சாப்பிட்டுச் சில நாளுக்குள் 13 பேர் இறந்தார்கள். போதைக்குப் பறித்தவர்கள் அல்ல, குழம்புக்குப் பறித்தவர்கள்.

சாப்பிட்டுவிட்டான் என்று தெரிந்தால்

கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்பதுதான் டாக்டருக்கு வேண்டிய முதல் தகவல்.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும் பயம், பிதற்றல், சிரிப்பு, அழுகை பெரும்பாலும் போதை. அவனுக்குப் பழக்கமான ஒரே ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். விளக்கைக் குறையுங்கள், ஊரைக் கூட்டாதீர்கள். "சாப்பிட்டதோட வேலை இது, சில மணி நேரத்துல இறங்கிரும், நான் இங்கதான் இருக்கேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வண்டிச் சாவி, மொட்டைமாடிக் கதவு, கிணறு, கடல், இந்த நான்கையும் அடையுங்கள். கடலை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாம்பன் குந்துகால் கரையில் மூன்று பையன்கள் மிச்சம் வைத்திருந்த காளானைச் சாப்பிட்டு, அதில் ஒருவன் "முழங்கால் ஆழந்தான், நடந்தே குருசடைத் தீவுக்குப் போயிரலாம்" என்று இறங்கிவிட்டான். கழுத்தளவு போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் போய் முடியைப் பிடித்து இழுத்துவந்தார்கள். அன்றைக்கு வலையில் இருந்த மீனெல்லாம் போயிற்று என்று ஒருவர் இன்னும் என் கடையில் புலம்புவார்.

கயிற்றால் கட்டாதீர்கள். பயந்தவனைக் கட்டினால் பயம் பத்து மடங்காகும். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போய்விட்டால் அதுவே உயிரை வாங்கும். போதையை இறக்குகிறேன் என்று பிராந்தி கொடுப்பவர்களையும், "அக்கா, ஒரு தூக்க மாத்திரை குடுங்க" என்று என்னிடம் ஓடிவருபவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்: கூடாது. வலிப்பு, நெஞ்சுவலி, உடம்பு அனலாகக் கொதிப்பது, நினைவு தப்புவது, செத்துவிடுவேன் என்ற பேச்சு, அடக்க முடியாத மூர்க்கம், இதில் எது வந்தாலும் 108. இறங்கிய பிறகும் மனசு கலங்கியே இருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை, எந்நேரமும்.

ஆறு மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள் விடியலில் தொடங்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வேறு கதை. அது விஷக்காளானாக இருக்கலாம். இதிலுள்ள மோசடி இரண்டாம் நாள் நடக்கும். வாந்தி நின்றுவிடும். எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பான். "பித்தம் இறங்கிருச்சு" என்று வீடே நிம்மதியாகும். உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் நிலைமை மோசமாகிவிடும். ஆகவே நின்றுவிட்டாலும் கூட்டிப்போங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ட்ரிப்ஸ் போட்டு அனுப்பிவிட்டால் திருப்தியடையாமல், 'காளான் சாப்பிட்டான், ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்டு, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும். மிச்சக் காளானைப் பிளாஸ்டிக்கில் போட்டால் அழுகிவிடும், பேப்பரில் மடித்து எடுத்துப் போங்கள். போலீஸுக்குப் பயந்து "கெட்டுப்போன பிரியாணி" என்று பொய் சொன்ன ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். அரை நாள் வேறு வைத்தியம் ஓடியது. பையன் பிழைத்தது அவனுடைய சிநேகிதன் நர்ஸிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னதால்.

அண்ணன் மகன் விஷயம். டப்பாவை நான் வாங்கவில்லை. அவனே கொல்லைப்பக்கம் போய்க் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். அன்று ராத்திரியே பெங்களூர் டாக்டருக்கு என் முன்னால் போன் போட்டான். அவர் திட்டவில்லை. நிறுத்தி எத்தனை நாள், கேப்சூல் எத்தனை, தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு, ஏர்வாடித் தாத்தா கதையையும் குறித்துக்கொண்டு, மறுபடி எந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினார்.

தைக்கு வருகிறேன் என்று நேற்றுப் போன் பண்ணினான். "அத்தை, வர்ற அன்னிக்கு அட்டை முடிஞ்சிரும். உங்க கடையில இருக்கும்ல?"

"இருக்கு. பழைய சீட்டு செல்லாது, புதுசு வாங்கிட்டு வா" என்றேன்.